இடப்பக்கம் சரிந்த மூச்சு

உண்மை சொன்ன ஒரு மனிதனை நான் பொய்யனாக்கினேன். அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. அதை மறைத்துக்கொண்டு, ஊர் கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்று, அவர் சொல்வது நடக்காத காரியம் என்று சொன்னேன். அதன்பின் பதினான்கு மாதங்கள் அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. எனக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. அவர் இல்லை. மன்னிப்பை யாரிடம் கேட்பது? நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் கிடக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன். விலங்கியல் படித்து ஆசிரியரானேன். எண்பத்துநான்கில் வடமராட்சிக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றமாகிப் போனேன். பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் கடல்தான். பக்கத்து ஒழுங்கையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் சைக்கிளில் ஊருக்குப் போய்வருவேன். கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியது கிடையாது. ஆனாலும் கடல் விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்துவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் இருந்தது.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு படம். திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் எப்படி அடையாளம் காண்பது என்று இரண்டு பெரிய அட்டைகளில் வரைந்து வகுப்புச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். டொல்பினை எங்கள் கரையில் ஓங்கில் என்பார்கள். முதுகுத் துடுப்பு நடுவில் இருக்கிறதா, வால்பக்கம் தள்ளி இருக்கிறதா. மூஞ்சி நீண்டதா, மொட்டையா. மூழ்கும்போது வாலைத் தூக்குமா, தூக்காதா. மேலே வந்ததும் விடுகிற மூச்சு எப்படி எழும்பும் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியிருந்தேன். நீண்ட மூஞ்சியோடு காற்றில் பம்பரம்போலச் சுழன்று விழுகிற ஓங்கில், உடம்பெல்லாம் பூனை பிறாண்டியதுபோல் வெள்ளைக் கீறல் விழுந்த மொட்டைத்தலை ஓங்கில், கரையோரம் திரிகிற முதுகு மேடான ஓங்கில், நீலத் திமிங்கிலம், பெருந்தலைத் திமிங்கிலம் என்று மொத்தம் பதினொன்று.

படங்கள் என்னுடையவை அல்ல. நான் படித்த காலத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் எண்ணெய்த்தாளை வைத்துப் பிரதி எடுத்தவை. அந்தப் புத்தகத்தில் பெருந்தலைத் திமிங்கிலத்தின் மூச்சு மட்டும் நேராக எழும்பாமல் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. பக்கத்தில் மேலே இடம் போதாமல் ஓவியர் சரித்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். அட்டையில் ஒரு மூச்சை வெட்டி எடுத்து, அதையே அச்சாக வைத்து எல்லாத் திமிங்கிலங்களுக்கும் ஒரே அளவில் நேராக வரைந்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. வகுப்பைப் பார்க்க வந்த அதிகாரி, "இப்பிடியெல்லோ கீறவேணும்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

என் அறைக்கு எதிர்வீட்டில் அவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் மனைவியும் மட்டும். கட்டுமரத்தில் தனியாகப் போய்வருவார். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். மற்றவர்கள் எல்லோரும் என்னை மாஸ்டர் என்றபோது அவருக்கு மட்டும் நான் தம்பியாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மீனவர் சங்கக் கட்டடத்தின் கூரை குண்டு விழுந்து போனபின் சங்கக் கூட்டங்கள் என் வகுப்பறையில் நடந்தன. சாவி என்னிடம் இருந்தபடியால் கூட்ட அறிக்கை எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் அவர் படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, உதிலை ஒண்டு குறையுது."

"என்ன அண்ணை?"

"சின்னன் ஒண்டு இருக்கு. முதுகு மொட்டை. துடுப்பு இல்லை. மூஞ்சியும் இல்லை. கரைக்குக் கிட்டக் கலங்கின தண்ணியிலை வந்து தும்மினமாதிரி ஒரு ஊது ஊதிப்போட்டுப் போகும்."

"முதுகுத் துடுப்பு இல்லாத ஓங்கில் இருக்காது அண்ணை."

"இருக்காதோ?" என்று யோசித்தார். "அப்ப நான் கண்டது துடுப்பை வீட்டிலை வைச்சிட்டு வந்திருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்காத மனிதர் என் பாடத்தில் கைவைக்கிறார் என்று இருந்தது. ஒருவேளை என்னைச் சோதித்துப் பார்க்கிறாரோ என்றும் நினைத்தேன். இவர் சும்மா கதை கட்டுகிற ஆள் என்று மனதில் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறில் போர் மறுபடி மூண்டபின் ஊரில் எல்லோரும் எல்லோரையும் இப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில். பற்றரி, சவர்க்காரம் எதுவும் வராது. யாருடைய வீட்டில் வானொலி பாடுகிறது, யாருக்கு எங்கிருந்து பற்றரி கிடைத்தது என்று ஒழுங்கைகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டும். கரைக்குக் கிட்ட, பகலில், குறித்த நேரத்துக்குள் போய்த் திரும்பவேண்டும். சீட்டுக்கு ஆளைச் சிபாரிசு செய்வது சங்கம். சங்கம் கைவிட்டால் அந்த மனிதனுக்குக் கடல் இல்லை.

என் சந்தேகம் ஒரு கொடியில் தொடங்கியது, உடுப்புக் காயப்போடுகிற கொடி. ஊரில் எல்லோருடைய வேட்டியும் சாரமும் பழுப்பேறிக் கிடந்த காலத்தில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்தவை மட்டும் பளிச்சென்று இருந்தன. காற்று என் பக்கம் வீசினால் ஒரு நல்ல வாசமும் வந்தது. சவர்க்காரம்தான் என்று முடிவு செய்தேன். எங்கள் கரையில் சவர்க்காரம் இருந்தது கடற்படைக் கப்பல்களில் மட்டும்தான். அவரோ தனியாகக் கடலுக்குப் போகிறவர். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பல் துலக்கும்போதும், கொப்பி திருத்தும்போதும், அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றிரண்டு ஆடியில், தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற சோளகக் காற்று உரத்து வீசிய நாட்களில், கரைக்கு எதிரே நின்ற கப்பலிலிருந்து எங்கள் ஊர் வலைகள் கிடந்த இடத்துக்கு நேராகச் சுட்டார்கள். யாருக்கும் காயமில்லை, வலைகள் போயின. இடத்தை யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அடுத்த கிழமை எதிர்வீட்டு அண்ணை கடலுக்குப் போனார். மத்தியானம் திரும்பவேண்டியவர் அடுத்த நாள் பின்னேரம்தான் கரை சேர்ந்தார். உதடு வெடித்து, கை இரண்டும் தோலுரிந்து, பாய் கிழிந்து வந்தார். பாயைக் கையாலும் கிழிக்கலாம் என்று அன்றே கரையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. என் வகுப்பறை நிறைந்துவிட்டது. சங்கத் தலைவர் என் மேசையில் இருந்தார். நான் பக்கத்தில் அறிக்கைப் புத்தகத்தோடு. அண்ணை கரும்பலகைக்குக் கிட்ட நின்றார்.

"வாறன் எண்டு சொன்ன நேரம் மத்தியானம். எங்கை நிண்டனீர்?" என்று தலைவர் கேட்டார்.

"சோளகம் கொண்டுபோட்டுது. பாய் போச்சு. வலிச்சுப் பாத்தன், ஏலேல்லை. காத்து விழுந்தாப்பிறகுதான் திரும்பினனான்."

"கப்பல் கண்டனீரோ?"

"கப்பல் காணேல்லை. திமிங்கிலம் கண்டனான்."

பின்வாங்கிலிருந்து சிரிப்பு வந்தது. "கப்பலுக்கு உவர் வைச்ச பேராக்கும்" என்றார் ஒருவர்.

ஒன்று சொல்லவேண்டும். முன்னால் நிற்பவரை இவர் என்று சொல்லலாம். அன்று அந்த அறையில் எல்லோரும் உவர், உவர் என்றார்கள். கிட்டவும் இல்லாமல் எட்டவும் இல்லாமல் நிற்கிற ஒன்றைச் சுட்டுகிற சொல் அது. நானும் அறிக்கைப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதாமல் 'சம்பந்தப்பட்டவர்' என்று எழுதினேன்.

"என்ன மாதிரித் திமிங்கிலம்? சொல்லும், கேப்பம்."

அவர் அவசரப்படாமல் சொன்னார். "விடியப்புறம். முதல் மரக்குத்தி எண்டு நினைச்சனான். தலை பெட்டி மாதிரி. உடம்பிலை மூண்டிலொரு பங்கு தலைதான். தோல், தண்ணியிலை ஊறின விரல் மாதிரிச் சுருங்கினது. முதுகிலை துடுப்பு எண்டு சொல்ல ஏலாது. பின்னுக்கு ஒரு திமில், அதிலையிருந்து வால் வரைக்கும் முடிச்சு முடிச்சாய். ஊதினது மேலை போகேல்லை. முன்னுக்கு, இடப்பக்கமாய்ச் சரிஞ்சு போச்சு. ஒருக்கா இல்லை, ஊதின நேரமெல்லாம் அப்பிடித்தான். பிறகு வாலை முழுக்கத் தூக்கிக்கொண்டு நேர கீழை போட்டுது."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். சுவரிலையும் கீறி வைச்சிருக்கிறியள். உவர் சொல்லுறது சரியோ?"

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். தலை, தோல், திமில், வால் எல்லாம் பெருந்தலைத் திமிங்கிலத்தோடு பொருந்தின. மூச்சு மட்டும் பொருந்தவில்லை. என் படத்தில் அது அளவுகோல் வைத்ததுபோல் நேராக நின்றது.

அந்தக் கணத்தில் எண்ணெய்த்தாளில் சரிந்திருந்த கோடு எனக்கு நினைவு வந்தது. மறந்துபோனேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. நன்றாக நினைவு வந்தது. அதைச் சொன்னால் என் படம் பிழை என்று சொல்லவேண்டும். அறை நிறைய ஆட்கள். கூடவே அந்தக் கொடியும் நினைவு வந்தது. மூச்சுச் சரியாக இருந்தாலும் இந்த மனிதர் சுத்தமானவர் என்று யார் கண்டது என்று என்னையே சமாளித்துக்கொண்டேன்.

"திமிங்கிலத்தின்ரை மூச்சு நேராய்த்தான் எழும்பும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மத்த அடையாளங்களை இந்தப் படத்தைப் பாத்து ஆரும் சொல்லலாம். உவர் முந்தியே வடிவாய்ப் பாத்தவர்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நான் ஏதோ சின்னக் கணக்கில் பிழைவிட்டதுபோலப் பார்த்தார்.

"படத்தைப் பாத்துப் பாடமாக்கினவன், படத்திலை இருக்கிறமாதிரியெல்லோ சொல்லுவான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். நான் பேனையின் மூடியைக் கழற்றினேன். சீட்டு நிறுத்தப்பட்டது என்று தலைவர் சொன்னார், நான் எழுதினேன். எழுத்து நன்றாகவே இருந்தது.

போகும்போது அவர் வாசலில் நின்று, "வாறன், சேர்" என்றார். தம்பி என்று அதன்பின் அவர் என்னை அழைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சண்டிலிப்பாய் வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து எண்ணெய்த்தாளைத் தேடி எடுத்தேன். கோடு சரிந்துதான் இருந்தது. கீழே என் கையெழுத்தில், பென்சிலால், 'முன்சரிவு?' என்று ஒரு கேள்விக்குறி. அந்தப் பக்கத்தில் மேலே இடம் போதாமல் இருக்கவும் இல்லை. தாளை மடித்துத் திரும்பவும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பதினான்கு மாதம். அவர் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்துக் கட்டை அவிழ்த்துப் போட்டார். மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தார். மனைவி வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். ஊருக்கு அது நல்ல பகிடி. "என்ன அண்ணை, இண்டைக்கு எந்தப் பக்கம் சரிவு?" என்று சந்தியில் கேட்பார்கள். கள்ளு மிஞ்சி ஒருவர் தள்ளாடி வந்தால் "பார், இடப்பக்கம் ஊதுது" என்பார்கள். அவர் தன்பாட்டில் நடந்துபோவார். நான் கேட்டும் கேளாததுபோல் சைக்கிளை மிதிப்பேன்.

அவர் கடலுக்குப் போகாமல் விட்டபின்னும் எதிர்வீட்டுக் கொடி வெள்ளையாகவே இருந்தது. அதைக் கண்டும் நான் தெளியவில்லை. முந்தியே வாங்கிப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தேகத்துக்குத் தீனி போட எதுவும் தோதாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு ஆவணியில் ஒருநாள் பொதுக்கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனேன். அவர் மனைவி கிணற்றடியில் இருந்து பனம்பழத்தைத் துணியில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். சவர்க்காரம் இல்லாத காலத்தில் எல்லோரும் அதில்தான் தோய்த்தோம். அதனால்தான் எல்லோருடைய உடுப்பும் பழுப்பேறியிருந்தது.

"மாஸ்டர், ஒரு வருசமாய் எங்கடை கொடியைப் பாக்கிறியள். சவர்க்காரமோ தேடுறியள்?"

நான் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தேன்.

"பனங்களி மஞ்சள் பிடிக்கும். அதுக்குப் பிறகு சாம்பல் தெளிஞ்ச தண்ணியிலை அவிக்கவேணும். அவிக்கேக்கை தேசி இலை நாலைஞ்சு போட்டா மணக்கும். உங்கடை வேட்டியைத் தாங்கோ, அவிச்சுத் தாறன். பிறகு நீங்களும் கப்பலுக்குப் போனனீங்கள் எண்டு சொல்லுவினம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. பனம்பழத்தைத் திரும்பவும் பிசையத் தொடங்கினார். நான் வாளியை வெறுமையாகவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை எண்ணெய்த்தாளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழுவதையும் சொன்னேன். அச்சு வெட்டியது, கூட்டத்தில் நினைவு வந்தது, சொல்லாமல் விட்டது.

"மாஸ்டர், அண்டைக்கு ஒண்டு சொன்னியள். இண்டைக்கு வேறொண்டு சொல்லுறியள். இடையிலை உங்களோடை ஆர் கதைச்சது எண்டு ஊர் கேக்கும்."

"கேக்கட்டும்."

"கேட்டா உங்களிலைதான் வந்து விழும்."

விழத்தான் செய்தது. புரட்டாதியில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். தாள் கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றி வந்தது. புதிதாகக் கீறிக்கொண்டு வந்தது இல்லையென்று எப்படித் தெரியும் என்றார் ஒருவர். "எதிர்வீடெல்லோ, மீன் குடுத்தவையாக்கும்" என்றார் இன்னொருவர். "அந்தாள் கடலுக்குப் போய் ஒரு வருசம். மீன் எங்காலை? பானைக்குள்ளையோ நீந்தினது?" என்று மூன்றாவது ஆள் கேட்க, கொஞ்சம் சிரித்தார்கள்.

அப்போது பின்வாங்கில் இருந்த, படகும் வலையும் வைத்திருந்த ஒரு முதிய சம்மாட்டியார் எழும்பினார். எழுபது தாண்டியவர். கூட்டங்களில் வாய் திறக்காதவர்.

"நானும் கண்டனான். ரெண்டு முறை. இடப்பக்கந்தான்."

தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அண்டைக்கு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"படிச்ச மனிசன் சுவரிலையும் கீறி வைச்சுப்போட்டு எழும்பி நிண்டு சொல்லேக்கை, என்ரை கண்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

என் தாளில் முன்சரிவு மட்டும்தான் இருந்தது. இடப்பக்கம் என்பதை என் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. இருவர் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில், ஒரே பக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வேறு சாட்சி தேவைப்படவில்லை. சீட்டுக்குச் சிபாரிசு செய்வதென்று முடிவானது. அதையும் நான்தான் எழுதினேன். இம்முறை பெயரோடு எழுதினேன்.

என்னைப் பற்றிய பேச்சு அடங்க நாளானது. நான் எதிர்வீட்டுக்கு எதையோ ஒளித்து உதவுகிறேன் என்று சிலர் கடைசிவரை நம்பினார்கள். என் சைக்கிள் பையை ஒருமுறை வழியில் மறித்துத் திறந்தும் பார்த்தார்கள். கொப்பிகள்தான் இருந்தன. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அவர் கட்டுமரத்தைத் திரும்பக் கட்டினார். ஒரு கட்டை உளுத்துப்போயிருந்தது. சங்கம் வேறு கட்டை கொடுத்தது. முதல்நாள் மத்தியானத்துக்கு முன்பே கரை திரும்பினார். கரையில் நின்ற ஒருவர், இம்முறை கேலியில்லாமல், "ஏதும் கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

"காணேல்லை."

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். மற்றவர்கள் ஓங்கில் கூட்டத்தைக் கண்டு வந்து சொன்ன நாட்களிலும், அதே கடலில் நின்ற அவர் காணேல்லை என்றார். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எனக்கும் சொல்லுறேல்லை. முந்தி வந்து சட்டை கழட்டமுன்னம் சொல்லுவார்."

நான் படத்தைக் கழற்றிப் பெருந்தலைத் திமிங்கிலத்தின் மூச்சைச் சுரண்டி அழித்து, முன்னுக்கு இடப்பக்கமாகச் சரித்து வரைந்தேன். மற்றவற்றின் மூச்சையும் அச்சு இல்லாமல், தெரிந்ததைத் தெரிந்தபடியும் தெரியாததை வெறுமையாகவும் விட்டேன். பிறகு எதிர்வீட்டுக்குப் போய், வந்து ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டேன். மாட்டேன் என்று சொல்வார் என நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். சரித்த மூச்சைப் பார்த்தார். தலையசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நான் அவரிடம் செய்த பிழையைச் சொல்லத் தொடங்கினேன். "சங்கத்திலை சொல்லிப்போட்டியளே, சேர்" என்றார். திரும்பச் சொல்லத் தேவையில்லை என்றா, சொன்னது போதாது என்றா, எனக்கு விளங்கவில்லை.

அட்டையின் கீழ்மூலையில் ஓர் இடத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். அது எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து வேறொரு புத்தகத்தில் அந்த விலங்கைப் பார்த்தேன். முதுகு மொட்டை, துடுப்பு இல்லை, மூஞ்சி இல்லை, கரையோரக் கலங்கல் நீரில் வாழ்வது. அவர் சொன்னபடியே இருந்தது. அன்று எனக்கு அது தெரியாது. அவர் சொன்னதை நம்பி மட்டும் அந்த இடத்தை விட்டிருந்தேன். வாழ்க்கையில் அதைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும்.

"அண்ணை, முந்தி ஒண்டு சொன்னனீங்கள். முதுகு மொட்டையாய், தும்மினமாதிரி ஊதுற சின்னன். அதை இதிலை கீறவேணும். எப்பிடி இருக்கும் எண்டு சொல்லுங்கோ."

வெறுமையான இடத்தைப் பார்த்தார். நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தெரியாது, சேர்" என்றார். "அப்பிடி ஒண்டை நான் காணேல்லை."